ஒரு சால்வையின் கணக்கு



இன்றைய பேச்சு ஒரு சால்வையைப் பற்றி. கம்பளிச் சால்வை. "கொச்சியில் கம்பளி எதற்கு? மின்விசிறி இல்லாமல் ஒரு ராத்திரி தூங்க முடியாத ஊர் இது" என்று சிரிக்காதீர்கள். மட்டாஞ்சேரியில் யூதத் தெருவுக்குள் ஒரு நடை போய்ப் பாருங்கள். ஜூ டவுன் என்று எல்லோரும் சொல்கிற அந்தத் தெருவில் ஒரு காலத்தில் மிளகு, சுக்கு, ஏலக்காய்க் கிடங்குகள் வரிசையாக இருந்தன. தெருக்கோடியில் 1568ஆம் ஆண்டில் கட்டிய யூதர் கோயில் இருக்கிறது. கிடங்குகளில் பல இப்போது கடைகளாகிவிட்டன. அவற்றில் பல காஷ்மீர் வியாபாரிகள் நடத்தும் கடைகள். வாசலில் தொங்குவது சால்வை. வெளிநாட்டுக்காரர் வருகிறார், வடநாட்டுக்காரர் வருகிறார், விலை பேசி வாங்கிப் போகிறார்.

அப்படி ஒரு கடையை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் வந்து பெருக்கித் துடைப்பவர் ஒரு தமிழ் அம்மா. ஃபோர்ட் கொச்சி தோபிகானாப் பக்கம் வீடு. துணி வெளுக்கிற குடும்பம். வயது ஐம்பதுக்கு மேல் ஆன பிறகு எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்றவர். ஒரு நாள் அலமாரியைத் துடைக்கும்போது இரண்டு சால்வைகளின் விலைச் சீட்டைப் பார்க்கிறார். ஒன்றில் 900. இன்னொன்றில் 18,000. சீட்டில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருக்கிறது. கடைப் பையனைக் கேட்கிறார். "ரெண்டும் பஷ்மினாதான் அம்மா" என்று சொல்லிவிட்டு அவன் தேநீர் வாங்கப் போய்விடுகிறான்.

இரண்டும் ஒரே நிறம். எடையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். துணியைத் தொட்டுப் பிழைக்கிற குடும்பத்துப் பெண் அவர். தொட்டுப் பார்க்கிறார். வித்தியாசம் தெரிகிறது. ஆனால் இருபது மடங்கு வித்தியாசமா? அந்த 18,000 ரூபாய் எங்கே போகிறது? யாருக்குப் போகிறது?

நல்ல கேள்வி. இதற்குப் பதில் தேட வேண்டுமானால் கொச்சியிலிருந்து லடாக் வரை போக வேண்டும்.

லடாக் நம் நாட்டின் வடக்கு முனையில் இருக்கிறது. 2019 முதல் அது தனி யூனியன் பிரதேசம். அங்குள்ள முக்கிய நகரங்களில் ஒன்று லே. லேக்குக் கிழக்கே திபெத் எல்லை வரை ஒரு பெரிய மேட்டுநிலம் விரிந்து கிடக்கிறது. அதன் பெயர் சாங்தாங். தென்னிந்தியாவிலேயே உயரமான மலை கேரளத்தின் ஆனைமுடி. அதன் உயரம் 2,695 மீட்டர். சாங்தாங்கில் ஆடு மேய்கிற தரையே 4,000 மீட்டருக்கு மேல். மரம் கிடையாது. காற்று கத்தி போல வீசும். குளிர்காலத்தில் வெப்பம் பூச்சியத்துக்குக் கீழே 30, 40 டிகிரி வரை இறங்கிவிடும்.

அந்தக் குளிரில்தான் விஷயமே இருக்கிறது. சாங்தாங் வெள்ளாட்டுக்கு இரண்டு வகை முடி. மேலே நீளமான முரட்டு முடி. அதன் அடியில், தோலை ஒட்டி, பஞ்சைவிட மெல்லிய ஒரு பூமுடி. குளிர் ஏற ஏற இந்தப் பூமுடி அடர்த்தியாக வளரும். ஆடு உயிர் பிழைப்பது அதனால்தான். அதற்குப் பெயர் பஷ்ம். அதில் நெய்த துணி பஷ்மினா. எவ்வளவு மெல்லியது என்று கேட்பீர்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். பஷ்ம் 12 முதல் 15 மைக்ரான்தான். இதே இன ஆட்டைச் சமவெளிக்கு ஓட்டி வந்து வளர்த்தால் பூமுடி இப்படி வளராது. குளிர் வேண்டும்.

அந்த ஆட்டை வளர்ப்பவர்கள் சாங்பா மக்கள். யாக் எருமையின் முடியில் நெய்த கூடாரம்தான் அவர்கள் வீடு. ரெபோ என்று பெயர். புல் இருக்கும் இடம் தேடி வருடத்தில் பல தடவை கூடாரத்தைப் பிரித்து, ஏற்றி, இறக்கி, மறுபடி போடுவார்கள். முன்பு குளிர்காலத்தில் திபெத் பக்கத்து மேய்ச்சலுக்கும் போவது உண்டு. 1962 சீனப் போருக்குப் பிறகு அந்த வழி அடைபட்டது. அங்கிருந்து அகதிகளாக வந்த திபெத்தியரும் தங்கள் மந்தையோடு இங்கேயே தங்கினார்கள். புல் அதேதான். பங்கு போட ஆள் கூடிவிட்டது.

கோடை தொடங்கும்போது ஆட்டுக்குப் பூமுடி தானாகவே உதிர ஆரம்பிக்கும். அந்தச் சமயம் பார்த்து எடுக்க வேண்டும். ஆட்டின் காலைக் கட்டிப் படுக்க வைத்து, வளைந்த பல் உள்ள ஒரு சீப்பால் வாரி வாரி எடுப்பார்கள். கத்தரிப்பது கிடையாது. தலை வாருவது போலத்தான். ஆடு சும்மா இருக்குமா? உதைக்கும், கத்தும். இடுப்பொடிய இப்படி வாரி எடுத்தால் ஒரு ஆட்டிலிருந்து வருடத்துக்குச் சுமார் 250 கிராம். கால் கிலோதான். அதிலும் தூசி, அழுக்கு, முரட்டு முடி எல்லாம் கலந்திருக்கும். சுத்தம் செய்தால் பாதிகூடத் தேறாது. ஒரு சால்வைக்கு இரண்டு மூன்று ஆடுகளின் ஒரு வருட முடி வேண்டும்.

இவ்வளவு அரிய பொருள் கையில் இருந்தும் சாங்பா மக்கள் ஏன் பணக்காரர் ஆகவில்லை? இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1684இல் லடாக்குக்கும் திபெத்துக்கும் ஓர் ஒப்பந்தம் நடந்தது. திங்மோஸ்காங் ஒப்பந்தம் என்று சொல்வார்கள். மேட்டுநிலத்துப் பஷ்ம் எல்லாம் லடாக் வழியாகக் காஷ்மீருக்கே போக வேண்டும் என்பது அதில் ஒரு ஏற்பாடு. வாங்குபவர் ஒரே பக்கம். வேறு சந்தை கிடையாது. விற்பவருக்கு வேறு வழி இல்லாதபோது விலையை யார் சொல்வார்? வாங்குபவர்தான். ராஜாக்கள் போனார்கள், ஒப்பந்தம் காகிதத்தில் போனது. பழக்கம் மட்டும் போகவில்லை. கூடாரம் தேடி வியாபாரி வருவார். அழுக்கும் முடியும் கலந்தபடியே மூட்டையைத் தூக்கிப் பார்த்து விலை சொல்வார். உள்ளே எத்தனை நல்ல பஷ்ம் தேறும் என்பது வியாபாரிக்குத் தெரியும். ஆட்டுக்காரருக்குத் தெரியாது. பார்த்தால் சின்ன விஷயம். காசு கைமாறும் இடம் அதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கணக்குக்காக மட்டும் ஒரு விலை வைத்துக்கொள்ளுங்கள். சுத்தம் செய்யாத பஷ்ம் கிலோ 3,000 ரூபாய். சுத்தம் செய்தது கிலோ 10,000 ரூபாய். ஒரு கிலோ அழுக்குப் பஷ்மில் 400 கிராம் நல்லது தேறுகிறது. அந்த 400 கிராமின் விலை 4,000 ரூபாய். ஆக, சுத்தம் செய்கிற ஒரு வேலையில் மட்டும் கிலோவுக்கு 1,000 ரூபாய் ஏறிவிட்டது. 100 ஆடு உள்ள குடும்பத்துக்கு வருடத்தில் 25 கிலோ பஷ்ம். அப்படியானால் 25,000 ரூபாய். மெஷின், மின்சாரம், கூலி எல்லாம் போக மிச்சம் ஒரு தொகை நிற்கும். அது யார் மடியில் விழ வேண்டும்? மூட்டையாக விற்றால் வியாபாரி மடியில். சுத்தம் செய்து விற்றால் ஆட்டுக்காரர் மடியில்.

இந்தக் கணக்கு லடாக்காரருக்கும் புரிந்தது. 1995இல் லேயில் மலை வளர்ச்சிக் கவுன்சில் ஏற்பட்டது. தங்கள் ஊர் காரியத்தைத் தாங்களே பார்க்கும் மன்றம் அது. ஆடு வளர்ப்போர் சேர்ந்து கூட்டுறவுச் சங்கம் வைத்தார்கள். அதன் பெயர் அனைத்துச் சாங்தாங் பஷ்மினா வளர்ப்போர் கூட்டுறவு விற்பனைச் சங்கம். 2004இல் லே நகரில் பஷ்மிலிருந்து முரட்டு முடியைப் பிரிக்கும் ஆலை வந்தது. சங்கம் பஷ்மை வாங்கும், ஆலையில் கழுவிப் பிரிக்கும், பிறகு விற்கும். மூட்டையைத் தூக்கிப் பார்த்துக் கண் அளவில் விலை சொல்வது போய், தராசு வந்தது, ரசீது வந்தது.

இதனால் சொர்க்கம் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். இன்றும் லடாக்கின் பஷ்மில் பெரும் பகுதி நூல் நூற்கவும் நெய்யவும் காஷ்மீருக்குத்தான் போகிறது. லடாக்கில் ஒரு வருடத்தில் கிடைப்பது சுமார் 40, 50 டன். உலகத்தில் கிடைப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பெரும்பங்கு சீனாவில். ஆகவே விலையைக் கையில் பிடித்து நிறுத்துவது ஒரு சங்கத்தால் முடிகிற காரியம் இல்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். வேறு வாங்குபவர் ஒருவர் இருக்கிறார் என்றாலே பேரம் மாறிவிடும். வியாபாரி குறைத்துக் கேட்டால் "சங்கத்தில் கொடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்ல ஒரு வாய் இருக்கிறது அல்லவா?

பிறகு 2017இல் லேயில் பெண்கள் ஒரு கூட்டுறவு தொடங்கினார்கள். லூம்ஸ் ஆஃப் லடாக் என்று பெயர். பல கிராமத்துப் பெண்கள் தாங்களே நூற்று, நெய்து, பின்னி, லே கடையில் தங்கள் பெயரிலேயே விற்கிறார்கள். பஷ்மை வெளியே அனுப்பிவிட்டுச் சால்வையை விலை கொடுத்து வாங்கிய ஊர் அது. அந்த ஊரில் இது பெரிய மாற்றம்.

இன்னொரு பக்கமும் உண்டு. 2013இல் சாங்தாங்கில் கடும் பனி விழுந்தது. புல் மூடிப்போய் ஆடுகள் ஆயிரக்கணக்கில் செத்தன. கர்நாக் என்னும் பகுதியிலிருந்து பல குடும்பங்கள் மந்தையை விற்றுவிட்டு லே நகர ஓரத்தில் குடியேறிவிட்டன. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் வேண்டும், காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரி வேண்டும். அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் வாய் இல்லை. நாளைக்கு அந்தக் குளிரில் ஆட்டின் பின்னால் போக யார் இருப்பார்கள் என்பதுதான் கவலை. கொள்முதல் விலை நன்றாக இருந்தால் சில பிள்ளைகளாவது நிற்பார்கள். இல்லாவிட்டால் ஆடும் இல்லை, சால்வையும் இல்லை.

சரி, இனி காஷ்மீருக்கு வாருங்கள். பஷ்ம் ஸ்ரீநகருக்கு வந்ததும் பெண்கள் கைக்குப் போகிறது. அங்கே அவர்கள் செய்கிற ஒரு வேலையைக் கேட்டால் தோபிகானாக்காரர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். பஷ்மில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க அரிசிமாவில் புரட்டி வைப்பார்கள். மாவு பிசுக்கை உறிஞ்சிக்கொள்ளும். அதே அரிசியைக் கஞ்சி காய்ச்சித்தான் இங்கே வேட்டிக்கு விறைப்பு ஏற்றுகிறார்கள். அங்கே அது நூலை மிருதுவாக்குகிறது. பிறகு யெண்டர் என்னும் ராட்டையில் நூற்பார்கள். மெஷினில் போட்டால் அறுந்துவிடும் அளவுக்கு மெல்லிய நூல். கைதான் அதற்குப் பதம் பார்த்து இழுக்கும். சமையல் முடித்து, பிள்ளையைத் தூங்க வைத்து, ராத்திரியில் உட்கார்ந்து நூற்ற பெண்கள்தான் அதிகம்.

கூலி எப்படி? பத்து இழை சேர்த்து ஒரு முடிச்சு. நீண்ட காலம் முடிச்சுக்கு ஒரு ரூபாய் என்பதுதான் வழக்கமாக இருந்தது. கயிறு திரித்த பெண்கள் இந்தக் கூட்டத்தில் இருந்தால் இது புரியும். தொண்டு அழுக வைத்து, அடித்து, கயிறு திரித்து, முடி கட்டி எண்ணிக் கொடுக்கிறவருக்கு எவ்வளவு, அதைக் கப்பலில் ஏற்றுகிறவருக்கு எவ்வளவு என்று கொச்சிக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நெசவாளிக்கும் சித்திரப் பூ தைப்பவருக்கும் கொஞ்சம் கூடுதல் கிடைத்தது. நூற்றவளுக்குத்தான் எல்லாவற்றிலும் குறைவு.

அந்தக் குறைந்த கூலிக்கும் ஒரு போட்டி வந்தது. மெஷின்காரர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். பஷ்ம் தனியாக மெஷினில் நிற்காது. ஆகவே நைலானைக் கலந்து நூற்பது. விசைத்தறியில் நெய்வது. பிறகு அமிலத்தில் போட்டு நைலானைக் கரைத்துவிடுவது. துணி பார்க்க நன்றாக இருக்கும், விலையும் குறைவு. அமிலம் பட்ட பஷ்ம் பலம் இழந்துவிடும் என்பது வாங்குபவருக்கு அப்போது தெரியாது. இரண்டு வருடம் கழித்துத்தான் தெரியும். இன்னும் சிலர் சாதாரணக் கம்பளியிலும் செயற்கை நூலிலும் நெய்து, அதற்கும் பஷ்மினா என்று சீட்டு ஒட்டினார்கள். ராட்டைகள் பல வீடுகளில் பரணுக்குப் போயின.

இதற்கு எதிராக வந்தது ஒரு சீட்டுத்தான். 2008இல் காஷ்மீர் பஷ்மினாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது என்ன? இந்த ஊரில், இந்த முறையில் செய்ததற்கு மட்டும்தான் இந்தப் பெயர் என்று சட்டம் தருகிற பாதுகாப்பு. ஆரன்முளைக் கண்ணாடிக்கும் காஞ்சிபுரம் பட்டுக்கும் இருக்கிறதே, அதே குறியீடுதான். காஷ்மீர் பஷ்மினா என்றால் இழை 16 மைக்ரானுக்கு மேல் போகக் கூடாது, கையால் நூற்றிருக்க வேண்டும், கைத்தறியில் நெய்திருக்க வேண்டும். 2013இல் ஸ்ரீநகரில் சோதனை மையம் ஒன்று திறந்தார்கள். சால்வையைக் கொண்டுபோனால் நுண்நோக்கியில் பார்த்து, தேறினால் எண் போட்ட முத்திரைச் சீட்டு பதித்துத் தருவார்கள். 2019இல் பஷ்மினாவைக் கண்டறிவதற்கும் குறியிடுவதற்கும் இந்தியத் தர நிர்ணய அமைப்பும் ஒரு தரம் வகுத்தது. 2021இல் முத்திரை பெற்ற சால்வைக்குக் குறைந்தபட்ச விலை 12,000 ரூபாய் என்று ஜம்மு காஷ்மீர் நிர்வாகம் அறிவித்தது.

அந்தக் கடையில் தொங்கிய 900 ரூபாய்ச் சால்வை எப்படிப்பட்டது என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

ஆனால் அந்த அம்மா விடமாட்டார். "சால்வைக்குக் குறைந்த விலை வந்தாச்சு. முடிச்சுக்கு?" என்று கேட்பார். சரியான கேள்வி. சால்வை விலை ஏறினால் நூற்பவள் கூலி தானாக ஏறாது. நடுவில் நூல் கொடுக்கும் ஆள் இருக்கிறார், மொத்த வியாபாரி இருக்கிறார், கடைக்காரர் இருக்கிறார். ஜூ டவுன் கடைக்கு வாடகை இருக்கிறது. பயணியைக் கொண்டுவந்து இறக்கும் ஆட்டோக்காரருக்குக் கமிஷன்கூட இருக்கிறது. இவர்களில் யாரையும் திருடன் என்று சொல்ல முடியாது. ஆளுக்கொரு வேலை செய்கிறார்கள். ஒவ்வொருவரும் தன் விலையைத் தானே சொல்கிறார்கள். நூற்பவளும் ஆட்டுக்காரரும் மட்டும் மற்றவர் சொன்ன விலையை வாங்கிக்கொண்டிருந்தார்கள். அங்கேதான் வழக்கு.

கடை வரைக்கும் தாங்களே கொண்டுபோன நெசவாளிகளும் உண்டு. இமாசலப் பிரதேசத்தில் குலு பள்ளத்தாக்கு. அங்கே புட்டி என்று ஒரு சிறு கிராமம். 1944இல் அந்த ஊர் நெசவாளிகள் சங்கம் தொடங்கினார்கள். தொடங்கிய பல சங்கங்களைப் போல அதுவும் படுத்துவிட்டது. 1956இல் வேத் ராம் என்பவர் பொறுப்பெடுத்து அதை எழுப்பி நிறுத்தினார். புட்டிகோ என்று இன்று வடநாட்டில் பெயர் சொன்னால் தெரியும். கம்பளி வாங்குவது, நூல், சாயம், தறி, கடைசியில் கடை, எல்லாம் சங்கத்தின் கையில். பல நகரங்களில் சொந்த விற்பனை நிலையம் வைத்திருக்கிறார்கள். அந்த மலைகளில் கத்தி என்னும் இடையர்கள் இருக்கிறார்கள். கோடையில் மேலே, குளிரில் கீழே என்று செம்மறி மந்தையை ஓட்டிச் செல்பவர்கள். நெசவுச் சங்கம் நன்றாக நடந்தால் அவர்களின் ரோமத்துக்கும் பக்கத்திலேயே ஒரு சந்தை இருக்கும்.

இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் தமிழ்நாட்டில் ஆடு வளர்த்துக் கம்பளி விற்றால் என்ன?" என்று யாராவது நினைத்தால், கொஞ்சம் பொறுங்கள். எல்லா ஆட்டு ரோமமும் பஷ்ம் ஆகாது. தமிழ்நாட்டுச் செம்மறிகளில் பெரும்பாலானவை கம்பளி தராதவை. நீலகிரி ஆடு, கோயமுத்தூர் ஆடு, திருச்சி கறுப்பு என்று சில இனங்கள்தான் ரோமம் தரும். அதிலும் நீலகிரி ஆட்டின் ரோமம்தான் மெல்லியது. உதகை அருகே சாண்டிநல்லாவில் அந்த இனத்துக்கு அரசு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் 1965இலிருந்து மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி மையம் இருக்கிறது. உல்லாசப் பயணிகள் போட்டோ எடுக்கும் அந்த வெள்ளை ஆடுகள் அங்கே வளர்த்த கம்பளி இனம்தான். அதெல்லாம் மலை.

சமவெளிக் கதை வேறு. கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, கிருஷ்ணகிரிப் பக்கமெல்லாம் குறும்பர், குருபர் என்னும் இடையர்கள் கறுப்புக் கம்பளி நெய்தவர்கள். பாவு நூலுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி போட்டு, முரட்டுத் துணியாக நெய்வார்கள். மழைக்கும் குளிருக்கும் அதுவே குடை, அதுவே படுக்கை. பிறகு மலிவான செயற்கைப் போர்வை ஊரெல்லாம் வந்தது. கம்பளி கேட்பார் குறைந்தார்கள். ரோமம் கத்தரிக்கிற கூலிகூட ரோமத்தில் கிடைக்காத நிலை வந்தது. இடையர்கள் கறி ஆட்டுக்கு மாறினார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா? நாட்டுக் கணக்கும் இதையே சொல்கிறது. 2014-15இல் இந்தியாவில் கிடைத்த கம்பளி சுமார் 4 கோடியே 80 லட்சம் கிலோ. 2022-23இல் அது சுமார் 3 கோடியே 36 லட்சம் கிலோ. செம்மறி குறைந்ததாலா? இல்லை. 2019 கணக்கெடுப்பில் நாட்டில் 7 கோடியே 40 லட்சத்துக்கும் மேல் செம்மறிகள் இருந்தன. ரோமத்துக்கு விலை இல்லை, அவ்வளவுதான். கம்பளியை நம்பிக் கடன் வாங்குமுன் எந்த ரோமம், எவ்வளவு மெல்லியது, வாங்குபவர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மட்டாஞ்சேரிக்குத் திரும்பலாம். கடையில் வேலை பார்ப்பவர்களுக்கும் துணி வெளுப்பவர்களுக்கும் உதவுகிற சில விஷயங்கள் பாக்கி இருக்கின்றன.

மோதிரத்துக்குள் நுழைத்துக் காட்டினால் அசல் என்று சொல்வார்கள். நம்ப வேண்டாம். மெல்லிய எந்தத் துணியும் மோதிரத்துக்குள் போகும். முத்திரைச் சீட்டு இருக்கிறதா, அதில் எண் இருக்கிறதா என்று பாருங்கள். கையால் நூற்றதில் இழை கொஞ்சம் ஏறி இறங்கி இருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் நெசவு ஒரே சீராக இராது. பளபளவென்று அளந்து வைத்தது போல இருந்தால் மெஷினாக இருக்கலாம்.

ஷாதூஷ் என்று யாராவது ரகசியமாகக் காட்டினால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அது ஆட்டை வாரி எடுத்தது கிடையாது. சிரு என்னும் திபெத்திய மானைக் கொன்று எடுக்கும் முடி. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை விற்பது குற்றம். கடைக்காரர் மட்டுமல்ல, மடித்துக் கொடுத்த பையனும் மாட்டிக்கொள்வான்.

சலவைக்கு வந்தால் கல்லில் அடிக்கக் கூடாது, வெந்நீர் கூடாது, முறுக்கிப் பிழியக் கூடாது. ரோமத்தின் மேல் மீன் செதிள் போலச் சிறு செதிள்கள் உண்டு. சூட்டிலும் உராய்விலும் அவை ஒன்றோடு ஒன்று மாட்டிக்கொண்டு துணி சுருங்கிக் கட்டியாகிவிடும். பிறகு இழுத்தாலும் வராது. காஷ்மீரில் பூந்திக்கொட்டை நுரையில் அலசுவது பழைய வழக்கம். தண்ணீரை ஒரு துண்டில் ஒற்றி எடுத்து, நிழலில் விரித்துக் காயப்போட வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் ஈரக் கனத்தில் வடிவம் போய்விடும். 18,000 ரூபாய்த் துணிக்கு ஈடு கொடுக்க வேண்டிவந்தால் எத்தனை மாதக் கூலி என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த அம்மா மறுநாள் கடைக்குப் போகிறார். 18,000 ரூபாய்ச் சால்வையின் மூலையைத் திருப்பிப் பார்க்கிறார். முத்திரைச் சீட்டு இருக்கிறது. எண்ணை ஒவ்வொன்றாக விரல் வைத்து வாசிக்கிறார். பையன் பார்த்துவிட்டு, "என்ன அம்மா, வாங்கப் போறீங்களா?" என்று கேலி செய்கிறான். "இத நூத்தவளுக்கு என்னடா கெடச்சுது?" என்று கேட்கிறார் அவர். பையன் ஸ்ரீநகர்க்காரன். அவன் சிரிப்பு நின்றுவிடுகிறது. "எங்க பாட்டி நூற்பாங்க" என்கிறான். ராட்டை எந்த மூலையில் இருந்தது, பாட்டி எத்தனை முடிச்சு எண்ணி வைப்பாள், வாங்க வருகிறவர் எப்படி இரண்டு முடிச்சைக் கழித்துவிட்டு எண்ணுவார் என்று தனக்குத் தெரிந்த மலையாளத்தில் அவருக்குச் சொல்லத் தொடங்குகிறான். வெளியே இடவப்பாதி மழை. இந்த மாதத்தில் பயணிகள் வருவது குறைவு. வாசலில் தொங்கிய சால்வைகளை உள்ளே எடுத்து, பூச்சி அரிக்காமல் நாப்தலின் உருண்டை போட்டு இரண்டு பேருமாக மடித்து வைக்கிறார்கள். சாங்தாங்கில் இது ஆட்டை வாரும் மாதம்.